பத்து எண்ணும் வரை

சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்ப வேண்டும்.
இன்ஜின் உறுமக் கூடாது.
மீட்டருக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்
தீக்குச்சி மொத்தக் குமிழை
அமுக்கிப் பிடித்தபடி பத்து எண்ண வேண்டும்.
ஸ்பேனர் படம் சிமிட்டும்,
சிமிட்டும்,
பிறகு இல்லாமல் போகும்.

வண்ணார்பேட்டை பைபாஸில் என் பட்டறை.
ஆயில் மாற்றி, பில்டர் மாற்றி,
அடுத்த கிலோமீட்டரை ஸ்கெட்ச் பேனாவால்
கதவோரச் சீட்டில் எழுதிவிட்டு
கடைசி வேலையாக அந்த விளக்கை அணைப்பேன்,
சாப்பிட்ட இலையை மூடுவது மாதிரி.
பரிமாறுவதற்கு முன்பே இலையை மூடச் சொல்லி
யாரும் கேட்டதில்லை,
ஆவுடையப்பன் வரும் வரை.

பங்குனி. தார் இளகிய மதியம்.
"ஆயிலெல்லாம் நல்லாத்தான்வே கெடக்கு.
லைட்ட மட்டும் அமத்தி விடும்.
நாளைக்கி வண்டி பாக்க பார்ட்டி வருது."

குச்சியை உருவிப் பார்த்தேன்.
கருப்பட்டிப் பாகு,
அதுவும் அடிப்பிடித்த பாகு.
துடைத்த துணியை நீட்டினேன்.
அவர் துணியைப் பார்க்கவில்லை,
சட்டைப் பைக்குள் பார்த்தார்.
இருநூறு ரூபாய்.
கம்ப்ரசர் பெல்ட் அறுந்துவிட்டதென்று
அன்று காலைதான் மைதீன் சொல்லியிருந்தான்.
இதைக் காரணமாகச் சொல்லவில்லை,
ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன்.

அமுக்கினேன்.
ஏழு வரைக்கும் எண்ணியது நினைவிருக்கிறது.
விளக்கு போயிற்று.
பாகு அங்கேயேதான் இருந்தது.

ஐப்பசி மழையில்
கயிறு கட்டி இழுத்து வந்தார்கள் அதே வண்டியை.
வழியில் எத்தனையோ பட்டறை,
கேடிசி நகரிலேயே நாலைந்து.
முன் கண்ணாடியில்
திருநீற்றுப் பட்டை ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம்,
அதன்மேல் இப்போது ஒரு சிலுவை.
கூடவே நனைந்து வந்தவர் எப்சிபா டீச்சர்,
கணக்கு டீச்சர்,
பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரிக்குத்
தினமும் போய் வருகிறவர்.

"லைட்டே எரியலையே தம்பி.
லைட்டு வந்தா சர்வீசுக்கு விடுங்கன்னுதான்
வித்தவரு சொன்னாரு.
நானும் தெனமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.
மூன்றடைப்பு தாண்டி ஒரு செவப்பு லைட்டு
ஒருதரம் கண்ணடிச்சுது, அம்புட்டுதான்."

தினமும் பார்த்தாராம்.
போக முப்பது கிலோமீட்டர்,
திரும்ப முப்பது,
நான் அணைத்துவைத்த இடத்தை.

இன்ஜினை இறக்கினோம்.
சம்ப்பைக் கழற்றியதும் மைதீன் முகம் சுளித்தான்.
"யாருண்ணே இப்படிப் போட்டு வச்சிருந்தது?"
ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.
ஸ்பேனர் கையில்தான் இருந்தது.

பதினோரு நாள்.
பேரிங், கிராங்க் சாணை, ஆயில் பம்ப்.
பில்லில் கூலி என்ற வரிக்கு நேரே
ஒன்றும் எழுதாமல் விட்டேன்.
கணக்கு டீச்சர் அல்லவா,
நேரே அந்த வெறுமையில் விரல் வைத்தார்.
"இது விட்டுப் போச்சே தம்பி."
"இல்ல டீச்சர், சரியாத்தான் இருக்கு."
நம்பாமல் மேலிருந்து இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தார்.
அப்போது சொல்லியிருக்கலாம்.
மழைகூட விட்டிருந்தது.

புது ஆயில் குச்சி நுனியில்
தேன் நிறத்தில் நின்றது.
கடைசி வேலைக்குக் கை நீட்டினேன்.
"இருங்க, அது எப்படின்னு சொல்லுங்க,
நானே செய்யுதேன்."

சாவியை ஒரு கட்டம் திருப்பி
நகம் வெளுக்க அமுக்கி
வகுப்பில் எண்ணுவதுபோல் சத்தமாக எண்ணினார்.
நாலிலிருந்து மைதீனும் சேர்ந்துகொண்டான்.
எட்டில் ஸ்பேனர் படம் வந்து
ஒன்பதில் சிமிட்டிப்
பத்தில் போயிற்று.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் டீச்சர்."

"அப்ப, உள்ள ஒண்ணும் மாத்தாமலே
யாரு வேணும்னாலும் இத அமத்திரலாமே?"

"ஆமா டீச்சர்" என்றேன்.

மீட்டரைப் பார்த்தபடி கொஞ்சம் உட்கார்ந்திருந்தார்.
அப்புறம் என்னைப் பார்த்தார்.
பைபாஸில் நாகர்கோவில் பஸ் ஒன்று
ஹாரனை அமுக்கிப் பிடித்தபடியே போனது,
எண்ணியிருந்தால் பத்து வரும்,
அவ்வளவு நேரம்.